விலைப்பட்ட நகரம்

பிரான்சின் தெற்கே உரோன் நதிக்கரையில் அமைந்த அவிஞ்ஞோன் நகரம் 1348ஆம் ஆண்டு யூன் மாதத்தில் விலைப்பட்டது. விற்றவள் நேப்பிள்ஸ் நாட்டின் அரசியும் புரொவான்சின் கோமாட்டியுமான முதலாம் ஜோவன்னா. வாங்கியவர் பாப்பரசர் ஆறாம் கிளெமெந்து. கிரயம் 80,000 பொற்புளோரின். சந்தையும் பாலமும், வரி வாங்கும் உரிமையும் நீதி வழங்கும் உரிமையும், அவற்றோடு அங்கு வாழ்ந்த மக்களும் ஒரே உறுதியில் கைமாறினர். நமது ஊர்களில் ஒரு துண்டுக் காணி கைமாறும்போதுகூட எல்லைக்காரரைக் கேட்டு நான்கெல்லையும் எழுதுவது வழக்கம். அவிஞ்ஞோன் மக்களை எவரும் எதுவும் கேட்டிலர். 443 ஆண்டுகள் கழித்து, 1791இல், அவர்தம் வழித்தோன்றல்களிடம் அக்கேள்வி கேட்கப்பட்டது. அரசிகளையும் பாப்பரசர்களையும் சுவரில் மாட்டிய படங்களாக வரிசைப்படுத்தும் பாடநூல்கள் இந்த 443 ஆண்டுகளைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. நாம் அங்கே சற்றுத் தரித்து நிற்க விரும்புகிறோம்.

பாப்பரசர் உரோமாபுரியில் அன்றோ வீற்றிருக்க வேண்டும், உரோன் நதிக்கரையில் அவருக்கு என்ன அலுவல் என்று மாணவர் கேட்பர். விடை வரிப்பணத்தில் இருக்கிறது. பிரான்சு மன்னன் நான்காம் பிலிப்பு (1285-1314) இங்கிலாந்தோடு தொடுத்த போருக்குப் பணம் தேடித் திருச்சபையின் சொத்துகள்மீது வரி விதித்தான். பாப்பரசர் எட்டாம் பொனிபாஸ் 1296இல் ஆணையொன்று பிறப்பித்துத் தம் அனுமதியின்றிக் குருமாரிடம் வரி வாங்குவோரையும் அதைக் கொடுப்போரையும் சபைவிலக்குச் செய்வதாக எச்சரித்தார். அதற்குப் பதிலாகப் பிலிப்பு, பொன்னும் வெள்ளியும் நாட்டை விட்டு வெளியே போகலாகாது என்று தடை விதித்தான். பிரான்சிலிருந்து வரும் பணம் நின்றதும் உரோமாபுரி இறங்கிவந்தது. அவசர வேளையில் அரசன் அனுமதி கேளாமலே வரி பெறலாம் என்று அடுத்த ஆண்டே பாப்பரசர் ஒப்புக்கொண்டார். பிலிப்பின் பாட்டனாராகிய ஒன்பதாம் லூயிக்கு அவ்வாண்டிலேயே அர்ச்சியசிட்டர் பட்டமும் கிடைத்தது.

1301இல் பமியே நகரத்து மேற்றிராணியாரைப் பிலிப்பு சிறைப்படுத்தியபோது பகை மீண்டும் மூண்டது. 1302 ஏப்பிரிலில் அவன் குருமாரோடும் பிரபுக்களோடும் நகரங்களின் பிரதிநிதிகளையும் பாரிசில் கூட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டான். 1789இல் வெர்சேயில் கூடிப் புரட்சிக்கு வாயில் திறந்த சபையின் மூதாதை இதுவே. அதில் உழவருக்கு இடமிருக்கவில்லை என்பதையும் கூடவே குறித்துக்கொள்வோம். அவ்வாண்டு நவம்பரில், மீட்சி வேண்டும் மானிடர் யாவரும் பாப்பரசருக்குக் கீழ்ப்பட்டவரே எனப் பொனிபாஸ் சாசனம் எழுதினார். பிலிப்பின் மந்திரி நொகாரே இத்தாலிக்குச் சென்று படை திரட்டி, 1303 செப்டெம்பர் 7இல் அனாக்னி என்ற ஊரில் அவரைச் சிறைப்பிடித்தான். சில நாட்களில் ஊர்மக்கள் அவரை மீட்டனராயினும், முதுமையும் அவமானமும் வாட்ட, அடுத்த மாதமே அவர் உயிர்நீத்தார்.

இம்மோதலை அரசுக்கும் மதத்துக்கும் நடந்த கொள்கைப் போராக வருணிக்கும் நூல்கள் பல. கொள்கை இருந்தது உண்மையே. ஆனால் குருமாரின் செல்வம் எங்கிருந்து வந்தது? விளைச்சலிற் பத்திலொரு பங்கைக் களத்திலேயே அளந்து கொடுத்த உழவனிடமிருந்து வந்தது. அந்தக் கடகம் நிறைந்த தானியம் பாரிசுக்குப் போவதா, உரோமாபுரிக்குப் போவதா என்பதே வழக்கு. வழக்காளிகள் இருவரும் உழவனைச் சாட்சிக்குக்கூட அழைக்கவில்லை. பிலிப்பைத் தேசிய அரசின் தந்தை என்று போற்றுவோர் அவனுடைய ஏனைய செயல்களையும் எண்ணிப் பார்த்தல் நன்று. நாணயத்தில் வெள்ளியைக் குறைத்தான். 1306இல் யூதரைத் துரத்திவிட்டு அவர்தம் உடைமைகளைக் கைப்பற்றினான். தான் கடன்பட்டிருந்த தெம்பிளர் சபையினரை 1307 ஒக்டோபர் 13இல் நாடெங்கும் ஒரே நாளிற் சிறைசெய்தான்.

1305இல் போர்தோ நகரத்து அதிமேற்றிராணியார் ஐந்தாம் கிளெமெந்து என்ற பெயருடன் பாப்பரசரானார். உரோமாபுரிக்கு அவர் போகவே இல்லை. 1309இல் அவிஞ்ஞோனில் வந்து தங்கினார். அந்நகரம் அன்று பிரெஞ்சு மன்னனுக்கு உரியதன்று. புரொவான்சுக்கும் அதிபதியாயிருந்த நேப்பிள்ஸ் அரசனுக்கு உரியது. அதை அடுத்துக் கிடந்த வெனேசன் நாடு 1274 முதல் திருச்சபையின் சொத்து. ஆற்றின் மறுகரையில் பிரெஞ்சு எல்லை. ஆகவே பாப்பரசர் பிறர் வளவிற் குடியிருந்தவர் போலவே அங்கு வாழ்ந்தார். 1377 வரை ஏழு பாப்பரசர்கள் அப்படி இருந்தனர். எழுவரும் இன்றைய பிரான்சு மண்ணிற் பிறந்தவர்கள்.

அங்கே தழைத்தது பக்தியைவிடக் கணக்கியல் எனலாம். இருபத்திரண்டாம் யோவான் (1316-1334) அதனை ஒரு பெரும் பொறியாகவே அமைத்தார். பதவியொன்று வெற்றிடமானால் அதனை நிரப்பும் உரிமையைப் பாப்பரசர் தமக்கென ஒதுக்கிக்கொள்வார். பெரிய ஆசனத்தில் அமர்பவர் அதற்கெனப் பெருந்தொகை கட்டவேண்டும். சிறிய பதவி பெறுபவர் முதலாண்டு வருமானத்தைக் கொடுக்கவேண்டும். கையிற் பணமில்லாதோர் இத்தாலிய வட்டி வணிகரிடம் கடன்பட்டனர். கடனை அடைப்பதற்காகத் தத்தம் நிலத்துக் குடியானவரை நெருக்கினர். இவ்வாறு நோர்மாண்டியில் ஒருவன் கதிர் அறுக்க, அவிஞ்ஞோனில் ஒரு கோபுரம் உயர்ந்தது. பன்னிரண்டாம் பெனெதிக்து 1335இல் தொடங்க, ஆறாம் கிளெமெந்து விரித்துக் கட்டிய மாளிகை ஏறத்தாழ 15,000 சதுர மீற்றர் பரப்புடன் இன்றும் அங்கே நிற்கிறது. இத்தகைய மாளிகையை எழுப்பியவருக்கு, அது நிற்கும் ஊர் இன்னொருவருடையது என்பது உறுத்தியிருக்கத்தானே செய்யும்.

இந்த வேளையிலேதான் ஜோவன்னா வந்து சேர்ந்தாள். பாட்டனார் றொபேட்டு 1343இல் இறக்க, பதினேழு வயதளவில் அரசுரிமை பெற்றவள் அவள். சிறு வயதிலேயே அவளுக்கு மணமுடித்து வைக்கப்பட்ட ஹங்கேரி இளவரசன் அந்திரேயா 1345 செப்டெம்பரில் அவேர்சா நகரிற் கொலையுண்டான். பழி மனைவிமேல் விழுந்தது. ஹங்கேரி மன்னனாகிய அவன் தமையன் பழிவாங்கப் படையுடன் வந்தான். 1348 யனவரியில் அவள் கப்பலேறிப் புரொவான்சுக்குத் தப்பினாள். அந்நாட்டின் எப்பகுதியையும் பிறருக்குக் கொடேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கிய பின்னரே அங்குள்ளோர் அவளை ஏற்றுக்கொண்டனர். மார்ச்சில் அவிஞ்ஞோனிற் பாப்பரசர் முன் நின்றாள். கொலைப்பழியிலிருந்து தப்பினாள், உறவினனான தரந்தோ லூயியை அவள் மணந்ததற்கு இருந்த உறவுமுறைத் தடையும் நீக்கப்பட்டது. யூனில் நகரம் விலைப்பட்டது.

நேப்பிள்ஸ் இராச்சியத்துக்கு மேலாதிபதி பாப்பரசர். எனவே ஜோவன்னாவுக்கு ஆண்டவரும் அவரே, நீதிபதியும் அவரே, அவளுடைய நகரத்தை வாங்கியவரும் அவரே. தீர்ப்புக்கு விலையாகவே நகரம் கொடுக்கப்பட்டது என்று பின்னாளிற் பலர் எழுதினர். அப்படியொரு பேரத்துக்குத் தேவையே இருக்கவில்லை என்பது நம் எண்ணம். இராச்சியத்தை மீட்கக் கப்பலும் படையும் தேடிய ஓர் இளம்பெண். எதிரே, பணமுள்ள ஒரே மனிதர். நெருக்கடியில் அகப்பட்டவரின் காணி மலிவாகத்தான் போகும். அந்த 80,000 புளோரின் கிளெமெந்தின் ஓராண்டுச் சராசரி வருமானத்திற் பாதியளவுக்கும் வராது. ஜோவன்னாவைப் பாவை, பரத்தை, கொலைகாரி என்றெல்லாம் ஏசியோர் உண்டு. அதே நூற்றாண்டில் இரத்தத்தில் நீந்திய ஆண் மன்னர்களைத் தீரர் என்று எழுதிய பேனாக்களே இவளையும் எழுதின. நாடு மீண்டு, பல்லாண்டு ஆண்டபின், 1382இல் அவளும் தன் உறவினன் ஒருவனின் ஆணையாற் சிறையிற் கொல்லப்பட்டாள்.

உறுதி எழுதப்பட்ட அந்த ஆண்டே ஐரோப்பா முழுவதும் பெருங்கொள்ளைநோய் பரவிய ஆண்டு. அவிஞ்ஞோனை அது யனவரியிலேயே பிடித்துவிட்டது. இடுகாடுகள் நிரம்பின. புதைக்க இடமின்றிப் பிணங்களை ஆற்றில் விடுவதற்காகப் பாப்பரசர் உரோன் நதியையே மந்திரித்தார். தாம் வைத்தியரின் சொற்படி இரு பெருந்தீக்களுக்கு நடுவே அமர்ந்து நோயைத் தவிர்த்தார். கிளெமெந்தைக் குறைகூறி மட்டும் விடுவது நீதியாகாது. கிணறுகளில் நஞ்சிட்டனர் என்று பழிசுமத்தி யூதரை எரித்த அந்நாளில், அவர்களும் மற்றோரைப் போலவே நோயால் மடிகின்றனர் என்று எடுத்துக்காட்டி, அவர்களைக் காக்கும்படி அவர் இருமுறை ஆணை பிறப்பித்தார். மன்னர்கள் பலர் செய்யாத காரியம் இது. ஆயினும் சாவு மலிந்த அந்நாட்களில் ஓர் ஊரின் சொந்தக்காரர் மாறியதை, பிணம் சுமந்த ஊரார் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

1377இல் பதினோராம் கிரகோரி உரோமாபுரிக்குத் திரும்பினார். மறுவருடம் தொடங்கிய பிளவில் உரோமாபுரியில் ஒருவர், அவிஞ்ஞோனில் ஒருவர் எனப் பாப்பரசர் இருவராயினர். அது 1417 வரை நீடித்தது. அதன்பின் அவிஞ்ஞோன், பாப்பரசரின் பிரதிநிதிகள் ஆளும் தூரத்துச் சொத்தாய்ச் சுருங்கிற்று. பிரெஞ்சு மன்னருக்குப் பாப்பரசரோடு மனக்கசப்பு வரும்போதெல்லாம் நகரைப் பிடிப்பர். கசப்புத் தீர்ந்ததும் திருப்பிக் கொடுப்பர். பதினான்காம் லூயி இருமுறை அவ்வாறு செய்தான். பதினைந்தாம் லூயி 1768இற் பிடித்து 1774இற் கொடுத்தான். அடகுக்கடை நகையின் நிலை அது.

பாப்பரசரின் ஆட்சியில் வரிச்சுமை பிரான்சிலும் பார்க்கக் குறைவு. பாரிசின் தணிக்கை எட்டாத அவ்வூரில் அச்சுக்கூடங்கள் பிரெஞ்சு நூல்களைத் திருட்டுப்பதிப்பிட்டுப் பிழைத்தன. ஆனால் சுற்றிலும் பிரெஞ்சுச் சுங்க மதில். நம் சோழமண்டலக் கரையின் சீத்தைத் துணிகளைப் பார்த்து அவர்களும் பருத்தியில் அச்சிடப் பழகியிருந்தனர். 1734இற் பாரிசும் உரோமாபுரியும் செய்த உடன்படிக்கை அத்தொழிலையும் புகையிலைச் செய்கையையும் தடைசெய்தது. இரண்டு தலைநகர்கள் பேசிமுடித்தன. தறிக்காரனும் தோட்டக்காரனும் வேலையிழந்தனர். யூதர் பிரான்சிலிருந்து துரத்தப்பட்டபோதும் இங்கே வாழ அனுமதிக்கப்பட்டனர் என்பது உண்மை; இரவிற் பூட்டப்படும் தெருக்களில், தலையில் மஞ்சள் தொப்பியுடன்.

1789இன் காற்று இங்கும் வீசியது. 1790 யூனில் அவிஞ்ஞோன் மக்கள் பாப்பரசரின் பிரதிநிதியை வெளியேற்றிப் பிரான்சோடு சேர்வதாகத் தீர்மானித்தனர். பாரிசின் தேசிய சபை தயங்கியது. அங்கு எழுந்த விவாதமே இவ்வரலாற்றின் உயிர்நிலை என்போம். ஒரு சாரார் நொத்தாரிசு வழியில் நின்றனர்: ஜோவன்னா வயது நிரம்பாதவள், சத்தியத்தை மீறியவள், ஆதலால் உறுதி செல்லாது, நகரம் புரொவான்சுக்கே உரியது என்றனர். இவ்வாதம் வென்றிருந்தால் நகரம் ஒரு சொந்தக்காரனிடமிருந்து இன்னொரு சொந்தக்காரனுக்குப் போயிருக்கும், அவ்வளவே. மறுசாரார் வேறு வழி சென்றனர். 1790 நவம்பரிற் பேசிய றொபெஸ்பியர், மக்கள் எவருடைய உடைமையும் அல்லர், விற்கவும் வாங்கவும் அவர்கள் மந்தையல்லர் என்ற கருத்தை முன்வைத்தான். அதன்படி உறுதி செல்லுமா செல்லாதா என்ற கேள்வியே எழாது. கையெழுத்தும் முத்திரையும் பழுதற்றவையாயினும் விற்றவளுக்கு விற்கும் பொருள் சொந்தமன்று. எதிர்த்து நின்றவர்களில் வல்லவர் மோரி என்ற குருவானவர். வெனேசன் நாட்டின் வல்றெயா ஊரிலே செருப்புத் தைப்பவரின் மகனாய்ப் பிறந்தவர் அவர். வர்க்கத்தை விட்டு ஏறியவர் வர்க்கத்தின் எதிரியாய்ப் பேசுவது புதுமையன்று.

1791 மே மாதத்திற் சபை இணைப்பை நிராகரித்தது. இதற்குள் அவிஞ்ஞோனுக்கும், பாப்பரசர் பக்கம் சாய்ந்த கார்பந்திராவுக்கும் இடையே போரே மூண்டுவிட்டது. பாரிசு நடுவரை அனுப்பிற்று. ஊர் ஊராக மக்கள் கூடி வாக்களித்தனர். பெரும்பான்மை பிரான்சு என்றது. செப்டெம்பர் 14இற் சபை இணைப்பை ஏற்றது. அவ்வாக்கெடுப்புக் கறையற்றது என்று நாம் சாதிக்கவில்லை. எதிர்த்தோர் பலர் ஓடியிருந்தனர். பிரெஞ்சுப் படையும் அருகிலிருந்தது. ஒரு மாதம் கழித்து, ஒக்டோபர் 16இல், நகரசபைச் செயலாளன் லெக்குயியே கோவிலுக்குள்ளே கும்பலொன்றாற் கொல்லப்பட்டான். அதற்குப் பழியாக, பாப்பரசர் மாளிகையில் அடைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ அறுபது பேரை, பெண்கள் உட்பட, புரட்சிக்காரர் கொன்று கோபுரமொன்றின் குழியில் வீசினர். இதனை மூடிமறைக்கும் முற்போக்கு நமக்கு வேண்டாம். மக்கள் தீர்ப்பு என்ற கொள்கையும் அந்தக் குழியும் ஒரே இலையுதிர்காலத்தில், ஒரே ஊரில் இருந்தவை. 1797இல் தொலெந்தினோ உடன்படிக்கையில் ஆறாம் பியூஸ் தம் உரிமையைக் கைவிட்டார். அப்போது அவரைக் கேட்டது வாக்கெடுப்பன்று, நெப்போலியனின் பீரங்கி.

கொள்கை எவ்வளவு தூரம் சென்றது என்றும் கேட்டுப் பார்ப்போம். செப்டெம்பர் 27இல் அதே சபை யூதருக்குக் குடியுரிமை அளித்தது. ஆனால் அதற்கு மூன்று நாள் முன்னர், செப்டெம்பர் 24இல், குடியேற்றநாடுகளிற் கறுப்பரும் கலப்பினத்தாரும் பெறும் உரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் அங்குள்ள வெள்ளைத் தோட்டக்காரரிடமே விடப்பட்டது. சென் தொமிங்குத் தீவின் அடிமைகள் அதற்கு முன்பே, ஓகஸ்டில், தம் வாக்கைத் தீவட்டியாற் போட்டுவிட்டனர்.

பத்தாண்டுகள் சென்றன. 1802 மார்ச்சு மாதம் வட பிரான்சின் அமியான் நகரில் இன்னோர் உறுதி எழுதப்பட்டது. பிரெஞ்சுக் குடியரசின் பெயரால் யோசேப்பு போனப்பாட்டும், பிரித்தானியாவின் பெயரால் கோண்வாலிசும், ஒல்லாந்தர் குடியரசின் பெயராலும் ஸ்பானியாவின் பெயராலும் இருவரும் கையொப்பமிட்டனர். ஒல்லாந்தர் கம்பனி இலங்கையில் வைத்திருந்தவை யாவும், 1796 முதலே அவற்றைப் பிடித்து வைத்திருந்த பிரித்தானியாவுக்கு, முழு உடைமையாகவும் ஆட்சியுரிமையாகவும் அதன் ஓர் உறுப்புரையால் ஒப்படைக்கப்பட்டன. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, கொழும்பு, காலி ஆகிய ஊர்களும் அவற்றின் மக்களும் அந்த உறுப்புரைக்குள் அடங்கினர்.