ரத்தம் தந்த பசை

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஆஸ்பத்திரிகள் அதிகம். ஓமலூர், ராசிபுரம் பக்கத்துக் காடுகளில் பாடுபடுகிறவர்கள் கண் டாக்டரிடம் சொல்லும் குறைகளில் ஒன்று, "கண்ணுல சதை வளருது". ஆண்டுக்கணக்கில் வெயிலும் புழுதியும் பட்ட கண்ணில், மூக்கோரத்திலிருந்து சதை கருவிழிமேல் ஏறும். வெட்டி எடுத்தால் மட்டும் போதாது, மறுபடி வளரும். மேல் இமைக்கு அடியிலிருந்து மெல்லிய படலம் எடுத்து அந்த இடத்தை மூட வேண்டும். தைத்து மூடினால் முடிச்சு உறுத்தும், நீர் வடியும். நைலான் நூலைப் பிரிக்க இன்னொரு நாள் கூலி போகும்.

தையலுக்குப் பதிலாக வந்தது ஃபைப்ரின் பசை. அது பிறந்தது ரத்தத்தில். அடிபட்ட இடத்தில் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தை த்ராம்பின் இழை இழையாக்கி வலை பின்னுகிறது, ரத்தம் உறைகிறது. இந்த வேலையை அறுவை மேசைக்குக் கொண்டுவர வெகுகாலம் பிடித்தது. 1940-ல் இங்கிலாந்தில் யங்கும் மெடவாரும் பிளாஸ்மாவால் விலங்குகளின் நரம்பை ஒட்டினார்கள். 1944-ல் வேறு சிலர் தோல் ஒட்டவும் முயன்றார்கள், பிடிப்பு போதவில்லை. 1972-ல் வியன்னாவில் ஹெலேன் மாட்ராஸ் குழுவினர் செறிவூட்டிய ஃபைப்ரினோஜெனைப் பயன்படுத்திய பிறகே பசை நின்றது. அதற்குள் இன்னொரு தடை. பலருடைய பிளாஸ்மாவைச் சேர்த்துத் தயாரித்த ஃபைப்ரினோஜெனால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும் என்று 1978-ல் அமெரிக்கா அதன் அனுமதியை ரத்து செய்தது. கிருமியைச் செயலிழக்கச் செய்யும் முறைகள் வந்தபின், 1998-ல்தான் அங்கே ஃபைப்ரின் பசைக்கு அனுமதி கிடைத்தது.

நம் மரவள்ளி மாவுப் பசை காய்ந்தால்தான் பிடிக்கும். இதுவோ ஈரத்திலேயே உறைந்து பிடிக்கிறது. ஒரு சிரிஞ்சில் ஃபைப்ரினோஜென், இன்னொன்றில் த்ராம்பின். இரண்டும் கலந்த சில நொடிகளில் திரவம் கூழாகிறது. அதற்குள் படலத்தை விரித்து, ஓரங்களைச் சரிசெய்துவிட வேண்டும். சில வாரங்களில் உடலே பசையைக் கரைத்துவிடும்.

விலைதான் இடிக்கிறது, ஒரு தொகுப்புக்கே சில ஆயிரம் ரூபாய். அதனால் நம் நாட்டு டாக்டர்கள் பலர் நோயாளியின் சொந்த ரத்தத்தையே பசையாக்குகிறார்கள். சதையை வெட்டிய இடத்தில் கசியும் ரத்தத்தின்மேல் படலத்தை வைத்து, சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்துக் கட்டுப்போடுகிறார்கள். கூலிக்காரருக்கு எட்டுகிற வைத்தியம் இது. ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலும் இது நடக்க வேண்டும் என்பேன். படலம் நழுவும் வாய்ப்பு பசையைவிடச் சற்று அதிகம். ஆகவே மறுநாள் கட்டுப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். கண்ணைக் கசக்கவே கூடாது.