சர்வ அதிகாரமும் ஒரு பிக்கப் வாகனமும்

எனது பத்திரிகைத் தொழிலில் புதிய சட்டங்கள் பற்றிய அறிவிப்புகளை எத்தனையோ தடவைகள் செய்தியாக்கியிருக்கிறேன். அவை சத்தமின்றித் தளர்த்தப்பட்ட கதைகளைப் பெரும்பாலும் எவரும் எழுதுவதில்லை. தாய்லாந்தில் 2017 ஏப்ரலில் நடந்தது அத்தகைய ஒரு கதை.

2014 மே 22 இராணுவச் சதிப்புரட்சியின் மூலம் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் பிரயுத் சான்-ஓ-சாவுக்கு இடைக்கால அரசியலமைப்பின் 44 ஆவது பிரிவு ஏறத்தாழ எல்லையற்ற அதிகாரத்தை வழங்கியிருந்தது. 2017 மார்ச்சில் அந்தப் பிரிவைப் பயன்படுத்தியே, வாகனங்களில் செல்லும் சகலரும் ஆசனப்பட்டி அணியவேண்டும் என்று அவர் ஆணை பிறப்பித்தார். இலங்கையில் நாம் கெப் என்று அழைக்கும் பிக்கப் வாகனங்களின் திறந்த பின்பகுதியில் ஆசனமும் இல்லை, பட்டியும் இல்லை. அங்கு ஆட்களை ஏற்றுவதை ஏப்ரல் 5 முதல் கண்டிப்பாகத் தடுக்கப்போவதாக பொலிஸார் அறிவித்தனர்.

ஆணையின் நோக்கத்தில் குறைகாண முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2016 இல் தாய்லாந்தின் வீதி விபத்து மரணங்கள் ஒரு இலட்சம் பேருக்கு 32.7 ஆக இருந்தன. சொங்கிரான் எனப்படும் புதுவருடக் காலப்பகுதியை அந்நாட்டவர்கள் 'ஆபத்தான ஏழு நாட்கள்' என்றே குறிப்பிடுவர்.

ஆனால், நமது சித்திரைப் புத்தாண்டை ஒட்டிவரும் அந்த நாட்களில்தான் பாங்கொக்கில் உழைக்கும் மக்கள் வடகிழக்கின் ஈசான் பிராந்தியக் கிராமங்களுக்குத் திரும்புகிறார்கள். கார்களையும் விட மிகக்குறைந்த வரி விதிக்கப்பட்டதனால் பிக்கப் வாகனம் சாதாரண குடும்பங்களுக்குக் கட்டுப்படியாயிற்று. நெல்மூட்டைகளை ஏற்றுவதும் அதில்தான், பிள்ளைகளையும் பெற்றோரையும் ஏற்றுவதும் அதில்தான். தண்ணீர்ப் பீப்பாயுடன் அதன் பின்பகுதியில் நின்று வீதியில் செல்வோரை நனைப்பது பண்டிகையின் ஓர் அங்கம்.

சமூக ஊடகங்களில் கண்டனம் குவிந்தது. ஓரிரு நாட்களுக்குள்ளாகவே, கண்டிப்பான நடவடிக்கை பண்டிகைக்குப் பின்னருக்கு ஒத்திவைக்கப்பட்டது. அரசியல் எதிராளிகளை அடக்கிவைத்திருந்த இராணுவ ஆட்சி ஊர் திரும்பும் குடும்பங்களின் முன்னால் இறங்கிவந்தது.

இதை மக்களின் வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. திறந்த வாகனத்திலிருந்து தூக்கி வீசப்படுபவர்களும் அதே மக்கள்தான். ஒரே உத்தரவில் தடையை விதிக்க முடிந்த ஆட்சியாளர்கள், கட்டணம் குறைந்த பஸ் சேவைகளை அந்தக் கிராமங்கள் வரை முதலில் கொண்டுசென்றிருக்க வேண்டும். அதற்கு 44 ஆவது பிரிவு தேவைப்பட்டிருக்காது.