ஊர்ப் பெயரும் உழைத்தவர் பெயரும்



கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில், இளந்திரையனின் காஞ்சிக்குப் போகும் பாணனுக்கு வழியெங்கும் சோறு கிடைக்கிறது. எயினர் குடியிருப்பில் உடும்புக்கறி, இடையரிடம் தினைச்சோறும் பாலும், வலைஞரிடம் கள்ளும் சுட்ட மீனும், அந்தணர் வீட்டில் மாவடு. புலவர் எந்த உணவுக்கும் மூக்கைப் பிடிக்கவில்லை. சமைத்தவர் யார் என்பதையும் மறைக்கவில்லை.

காஞ்சிக்கு அருகே ஓடும் அதே பாலாற்றை எதிர்த்து மேற்கே போனால் ஆம்பூர். சீரகச் சம்பா அரிசி, காய்ந்த மிளகாய் விழுது, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் என்று அவ்வூர் பிரியாணியைப் பற்றி எழுதுகிறவர்கள், தவறாமல் ஆற்காட்டு நவாபின் சமையலறைக்குப் போகிறார்கள். நவாபு வரை போகத் தெரிந்த அந்த வரலாற்றுக்குப் பக்கத்துத் தெருவுக்கு வரத் தெரியவில்லை. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தோல் நகரங்கள். முஸ்லிம் வணிகர்களின் முதலும் தலித்துகளின் உழைப்பும் சேர்ந்து வளர்த்த தொழில் அது. அங்கே மாட்டுக்கறி பிரியாணி அன்றாட உணவு.

2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. கோழிக்கும் ஆட்டுக்கும் இடம் இருந்தது; மாட்டுக்கு இல்லை. எதிர்ப்பு எழுந்தது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. ஊரின் பெயர் வேண்டும், ஊரார் தின்பது வேண்டாம் என்பதுதான் அந்த அழைப்பிதழ் சொன்ன செய்தி.

இது நமக்குப் புதிதல்ல. பெரியபுராணத்தில் நந்தனார் கோயில் முரசுக்குத் தோலும் வாரும் கொடுக்கிறார், யாழுக்கு நரம்பு கொடுக்கிறார், பூசைக்குக் கோரோசனை கொடுக்கிறார். தோல் உள்ளே போனது. கொடுத்தவர் வெளியே நின்றார். மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை ஆராய்ந்து 1948இல் அம்பேத்கர் எழுதிய ‘தீண்டப்படாதவர்கள்’ நூலை ரவிதாஸ், சொக்கமேளா ஆகியோருடன் நந்தனாருக்கும் காணிக்கையாக்கியது தற்செயல் அல்ல என்றே நாம் கருதுகிறோம். ஆம்பூர்க் காலணி இன்று கடல் கடந்து போகிறது. கறிக்குத்தான் ஊர்த் திருவிழாவிலேயே இடமில்லை.

பெயர்களைக் கவனியுங்கள். உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்த கறித்துண்டு உப்புக்கண்டம். ஆட்டுக்கறி என்றால் அது ‘செட்டிநாடு’ என்ற அடைமொழியோடு உணவக அட்டையில் ஏறுகிறது. மாட்டுக்கறி என்றால் சேரிக் கொடியிலேயே காய்ந்து முடிகிறது. செய்முறை ஒன்று, பெயரும் ஒன்று. வாடகை வீட்டில் ‘பெரிய கறி’ என்று குரலைத் தாழ்த்துகிறோம்; கல்லூரியில் ‘பீஃப்’ என்று ஆங்கிலத்துக்குள் ஒளிந்துகொள்கிறோம்.

மராத்வாடாவில் ஷாஹு பட்டோலே இந்த வேலையைச் செய்திருக்கிறார். அன்னம் முழுமையான பிரம்மம் என்ற மராத்தி வழக்கைத் திருப்பிப்போட்டு, அன்னம் முழுமையற்ற பிரம்மம் என்று தலைப்பிட்டு, 2015இல் மகர், மாங் சமூகங்களின் சமையலை அவர் நூலாக்கினார். எண்ணெயும் மசாலாவும் வாங்க வக்கில்லாத அடுப்பு என்ன சமைத்தது என்பதும் அதில் இருக்கிறது.

அதனால் நாம் எல்லாவற்றையும் பெருமை என்று முழங்கத் தேவையில்லை. 1927இல் மகாடில் செத்த மாட்டின் கறியை விட்டுவிடுங்கள் என்று அம்பேத்கர் சொன்னார். கிராமம் நம்மீது திணித்த கூலி அது. சந்தையில் காசு கொடுத்து விரும்பி வாங்கும் கறி வேறு. இந்த வேறுபாட்டைப் பதிவு செய்யாமல் பட்டியல் மட்டும் போடுவதால் பயனில்லை.

இங்கிருக்கும் மாணவர்கள் பலருக்குச் சுவரொட்டி என்றால் போஸ்டர் மட்டுமே தெரியும். கறிக்கடையில் அது மண்ணீரல். குடல், ரத்தம், நெஞ்செலும்பு, கொழுப்பு ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஊரில் என்ன பெயர், எப்படிச் சமைத்தார்கள், எந்தக் கூலிக்கு ஈடாக எது வீட்டுக்கு வந்தது என்று பாட்டியிடம் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அவற்றை வாசிக்கலாம்.