பட்டாளத்துக்காரன் எழுதாத புத்தகம்

பட்டாளத்துக்குப் போனவன் கதையை எவன் எழுதி வச்சான்? இந்தியச் சிப்பாயின் தன்வரலாறு என்றதும் சீதாராம் பாண்டேயின் நூலைத்தான் காட்டுவார்கள். 1873இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அவர் அவத் நாட்டுப் பிராமணர். சென்னைப் பட்டாளத்தில் தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி தூக்கிய பறையர்களிடமிருந்து அப்படியொரு புத்தகம் பாடத்திட்டத்துக்கு வந்து சேரவில்லை.

திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்வோம். 1767 செப்டம்பரில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் படை, ஹைதர் அலியோடும் நிஜாமோடும் முதலில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் மோதியது. அந்தக் காலத்துச் சண்டைகளில் அண்ணாமலையார் கோயில் மதிலே கோட்டையாக இருந்தது. கர்னல் பேர் நிலைத்தது. செத்த சிப்பாய் பேர் எங்கே?

வங்காளச் சிப்பாய் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் போவான். சென்னைச் சிப்பாயோ பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவான். ரெஜிமெண்டு எங்கே போச்சோ அங்கே குடும்பமும் போச்சு. சிப்பாய் மகன் சிறுவயதிலேயே பட்டியலில் சேர்ந்து கொஞ்சம் சம்பளம் வாங்குவான். அந்தக் குடும்பத்துக்குச் சேரியும் ஊரும் இல்லை, பட்டாள லயன்தான் ஊர். பிள்ளைக்கு நாலெழுத்து கிடைத்த இடமும் அதுவே.

அந்தக் கதவை மூடியவர்களில் முக்கியமானவர் ராபர்ட்ஸ் பிரபு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைத் தளபதி, பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதி. தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்பது அவர் கட்சி. ‘வீர இனம்’ என்ற பேச்சு கிளம்பியது, சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்பட்டன. மராட்டிய நாட்டில் மகர்களுக்கும் 1890களில் இதே கதி. ராபர்ட்ஸ் 1897இல் தன் நினைவுகளை இரண்டு பாகமாக அச்சிட்டார். விரட்டியவனுக்குப் புத்தகம் இருக்கு, விரட்டப்பட்டவனுக்கு இல்லை.

விரட்டப்பட்டவர் வீட்டுப் பிள்ளை ஒருவர் எழுதினார். அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சுபேதார், தாத்தாவும் பட்டாளத்துக்காரர். 1901இல் அப்பாவைப் பார்க்கப் போன பிள்ளைகள் மசூர் ரயிலடியில் இறங்கினார்கள். மகர் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டைக் கூலி தருகிறோம் என்ற பிறகும் பிள்ளைகளே வண்டி ஓட்ட வேண்டியிருந்தது, வண்டிக்காரன் கூட நடந்து வந்தான். வழியில் தண்ணீரும் கிடைக்கவில்லை. அப்பனின் சுபேதார் பட்டம் ஒரு வாய்த் தண்ணிக்கு ஆகவில்லை.

‘வெள்ளைக்காரனுக்குக் கூலிக்குப் போனவன்தானே’ என்று நம்மைப் பார்த்துக் கேட்பவர்கள் உண்டு. வெள்ளைக்காரன் நம்மைப் பயன்படுத்தினான், வேண்டாதபோது தூக்கி எறிந்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சம்பளத்தையும் எழுத்தையும் அதுவரை எந்த ஊர் தந்தது? திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் போக 2023 ஜனவரி வரை ஆச்சு. அதுவும் போலீஸ் காவலோடு.

ஆகவே நண்பர்களே, டிரங்குப் பெட்டிகளைத் திறக்கச் சொல்லுங்கள். பென்ஷன் புத்தகம், டிஸ்சார்ஜ் காகிதம், மெடல், மணியார்டர் ரசீது எதையும் விடாதீர்கள். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டியிடம், அவன் மகளிடம் உட்கார்ந்து கேளுங்கள். பணம் வராத மாசம் உலை எப்படிக் கொதித்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் வாயால் சொல்லட்டும், நாம் எழுதுவோம்.