சிவகாசிச் சித்திரக்கதைகளில் பாத்திர வடிவமைப்பு

பாத்திர வடிவமைப்பு என்பது கதைமாந்தரின் உடற்கட்டு, முகவெட்டு, உடை, நிற்கும் தோரணை ஆகியவற்றை அவர்களுடைய குணத்துக்குப் பொருந்த வரையறுக்கும் கலை. அனிமேஷன் படத்துக்கும் சித்திரக்கதைக்கும் இது பொதுவானது. இதன் வலிமையைத் தமிழ் வாசகர்கள் பல தலைமுறையாக உணர்ந்ததில், விருதுநகர் மாவட்டம் சிவகாசியிலிருந்து வெளிவரும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்களுக்குப் பெரும்பங்கு உண்டு. முன்னதை 1972இல் எம். சௌந்திரபாண்டியன் தொடங்கினார். பின்னது அவர் மகன் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு 1984இல் வந்தது.

சிவகாசி அச்சுத்தொழிலில் தேர்ந்த ஊர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டதால் அத்தொழில் இங்கே வேரூன்றியது. எழுத்தறியாதவரும் கடையில் கைகாட்டிக் கேட்கும்படி சேவலோ அணிலோ ஒரே பார்வையில் அடையாளம் தெரிய வேண்டும் என்பதே லேபிள் ஓவியத்தின் முதல் விதி. சித்திரக்கதை நாயகனுக்கும் இதே விதிதான்.

முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவி இதற்குத் தலைசிறந்த சான்று. பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962இல் தோன்றிய பாத்திரம் இது. கென் பல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேல் விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் கண்ணுக்குத் தெரியாமல் மறையும். அந்தக் கை மட்டும் மறையாது. ஓவியருக்கு இது கடினமான சோதனை. நாயகன் செயலில் இறங்கும் கட்டங்களில் அவனுக்கு முகமே இல்லை. கோபம், பதற்றம், எச்சரிக்கை எல்லாவற்றையும் ஐந்து விரல்களின் மடிப்பிலேயே காட்டியாக வேண்டும். பிளாஸ்கோ அதைச் சாதித்தார். இருட்டறையில் கதவின் கைப்பிடியை நோக்கி நீளும் விரல்களைப் பார்க்கும்போது, தெரியாத உடலையும் வாசகரே மனத்தில் வரைந்துகொள்கிறார். அந்த ஈடுபாடே பரிவாகிறது. எதிரியின் கண்ணில் படுவதும் அந்தக் கைதான். அவனது பலமும் பலவீனமும் ஒரே உறுப்பில் அமைந்திருப்பதால், அடுத்து என்ன ஆகுமோ என்ற தவிப்பைத் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் குற்றவழியில் சென்ற கிராண்டேல், பின்னர் திருந்தி, நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளி ஆனான். தோற்றத்தில் இருந்த அந்த ஊனமே அவனை வாசகர் மன்னிக்கத் துணைநின்றது எனலாம்.

லயன் காமிக்ஸ் வாசகர்கள் கொண்டாடிய ஸ்பைடர் வேறு வகை. கூரிய காது, ஏறிய புருவம், கறுப்பு உடை என வில்லனின் இலக்கணம் முழுவதும் அவனிடம் உண்டு. அந்தத் தோற்றத்தை மாற்றாமலே அவன் பிற கொடியவர்களை எதிர்க்கும் நாயகன் ஆனான்.

அனிமேஷனுடன் நேரடித் தொடர்புள்ளவர் லக்கி லூக். லயன் காமிக்ஸ் வழியே தமிழ் பேசிய இந்தக் கௌபாயை 1946இல் படைத்த பெல்ஜிய ஓவியர் மோரிஸ், முன்னதாக அனிமேஷன் கூடத்தில் பணியாற்றியவர். அந்தப் பயிற்சி லக்கி லூக்கின் எதிரிகளான டால்டன் சகோதரர்களிடம் தெளிவாகத் தெரிகிறது. நால்வருக்கும் ஒரே முகம், ஒரே மீசை. உயரம் மட்டும் படிப்படியாக ஏறும். குட்டையன் ஜோ மூர்க்கன், நெட்டையன் ஆவ்ரல் எந்நேரமும் பசித்திருக்கும் அப்பாவி. வசனம் படிக்கும் முன்பே யார் கத்துவார், யார் சோறு கேட்பார் என்று குழந்தைக்கும் தெரிந்துவிடுகிறது. லக்கி லூக் 1971இல் முழுநீள அனிமேஷன் படமானார். தொலைக்காட்சித் தொடருக்காக 1983இல் அவர் உதட்டிலிருந்த சிகரெட் போய்ப் புல் தண்டு வந்தது. பார்வையாளரில் சிறுவர்கள் மிகுதி என்பதால் செய்த இந்த மாற்றத்துக்காக மோரிஸை 1988இல் உலக சுகாதார நிறுவனம் பாராட்டியது. புல் தண்டு இருந்தும் அவருடைய அலட்சிய மிடுக்கு குறையவில்லை. வாயில் எதையோ கவ்வியிருக்கும் அந்தத் தோரணையே அவர் அடையாளம்.

சிவகாசி அச்சிட்ட நாயகர்களில் பெரும்பாலோர் அயல்நாட்டு ஓவியர்கள் வரைந்தவர்களே. லேபிளிலும் காலண்டரிலும் தேர்ந்த ஓவியர்களைக் கண்ட இந்த மண்ணிலிருந்தே, மாயாவிக்கு நிகராக நிற்கும் ஒரு பாத்திரத்தைத் தமிழ் ஓவியர்கள் வரைய வேண்டும். பதிப்பாளர்களும் அனிமேஷன் நிறுவனங்களும் அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும்.