ஜிலேபிக் கெண்டை: தொட்டிக்கு வெளியே வந்த ஆப்பிரிக்க மீன்

மாதுங்காவிலோ செம்பூரிலோ ஆப்பிரிக்கச் சிக்லிட் மீன்களுக்குத் தொட்டி அமைப்பவர் முதலில் போராடுவது தண்ணீரோடுதான். மும்பைக் குழாய்களில் வருவது தான்சா, பாட்சா, வைதர்ணா நீர்த்தேக்கங்களின் மழைநீர். மலாவி, தாங்கனிக்கா ஏரிகளின் நீரோ கடினமானது, காரத்தன்மை மிக்கது. பவளத்துகளும் சுண்ணாம்புக் கல்லும் இட்டு, குழாய்நீரை அந்த ஏரிநீருக்கு நெருக்கமாக்கிய பின்னரே அம்மீன்கள் செழிக்கும்.

தாராவியில் குடியேறிய திருநெல்வேலிக் குடும்பங்கள் ஊர்க்குளங்களில் கண்டறிந்த ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கச் சிக்லிட்டே. ஆனால் அதற்காக எவரும் தண்ணீரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. உவர்நீர், உயிர்வளி குறைந்த குட்டை எதையும் அது தாங்கும். முட்டைகளையும் குஞ்சுகளையும் தாய் தன் வாயிலேயே காக்கும். மலிவான புரதம் என்ற நம்பிக்கையில் 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்திற்கு அது கொண்டுவரப்பட்டது. சில மாதங்களிலேயே இனம் பெருக்கும் மீன் என்பதால் குளங்கள் நெரிசலுற்றன. மீன்களோ வளர்ச்சி குன்றிச் சிறுத்தன. 1959இல் இந்திய மீன்வள ஆய்வுக்குழு அதன் பரவலுக்குத் தடை விதித்தது. அதற்குள் அது குளங்களைத் தாண்டியிருந்தது. ஆணையைப் படிக்கும் பழக்கம் மீனுக்கு இல்லை.

இந்தியாவில் இயல்பாக வாழும் சிக்லிட்கள் மூன்றுதான். அவற்றுள் ஒன்று கேரளத்தார் கரிமீன் என்றழைப்பது. இவற்றின் நெருங்கிய உறவினங்கள் ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இல்லை, மடகாஸ்கரில் உள்ளன. வந்தேறிக்கு இவை தூரத்து உறவு. இருந்தும் இரைக்கும் இடத்திற்கும் அதனோடு போட்டியிட நேர்ந்தது. அலங்காரத் தொட்டியைக் காலிசெய்பவர் மீன்களைப் பவாய் ஏரியில் விடுவது பற்றிய இன்றைய கவலைக்கு முன்கதை இதுவே.