அரியணையா, அரச குலமா? வங்கத்தில் ஆட்சி கைமாறிய முறை

1. சிக்கல்

வங்கத்தின் அரசியல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஓர் அரசர் பட்டியலில் இருந்தே தொடங்குகின்றனர். ஏழாம் நூற்றாண்டில் சசாங்கன், அவனுக்குப் பின் நீண்ட குழப்பம், பாலர், சேனர், 1204ஐ ஒட்டிப் பக்தியார் கில்ஜியின் படையெடுப்பு, தில்லியின் ஆளுநர்கள், இலியாஸ் ஷாகி, ராஜா கணேஷின் வழியினர், ஹபஷிகள் (அபிசீனியர்), ஹுசைன் ஷாகி எனத் தொடரும் சுல்தான்கள், ஆப்கானியர், முகலாயர், முர்ஷிதாபாத் நவாபுகள், இறுதியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி. பட்டியலில் பிழை இல்லை. ஆனால் அது ஓர் அடிப்படைக் கேள்வியை எழுப்பாமலே கடந்துவிடுகிறது. ஒரு குலம் வீழ்ந்து மற்றொன்று எழுந்த ஒவ்வொரு முறையும் கைமாறியது எது? கைமாறாமல் நின்றது எது?

வங்கத்தில் ஆட்சியுரிமை குருதியைவிட அரியணையையும், அதைச் சூழ்ந்திருந்த பதவியாளர், சிற்றரசர், வருவாய் அலுவலர் ஆகியோரின் இசைவையுமே பெரிதும் சார்ந்திருந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இது அவ்வப்போது நேர்ந்த சீர்குலைவாக இல்லாமல், பல நூற்றாண்டுகள் நீடித்த அரசியல் வழக்கமாகவே இருந்தது. இதிலிருந்து இன்னொரு முடிவும் பிறக்கிறது: 1757இன் பலாசிப் போர் இவ்வழக்கத்துக்கு உட்பட்டே நடந்தது, அவ்வழக்கத்தை முறித்தது 1765இன் திவானி, அதாவது வரி வசூல் உரிமையே.

2. பாபரின் சான்று

இவ்வழக்கத்தைத் தெளிவாக எடுத்துரைத்த பழைய சான்றுகளுள் ஒன்று பாபரின் தன்வரலாறு. இந்துஸ்தானத்து அரசர்களை வரிசைப்படுத்தும் இடத்தில் அவர் வங்கத்தின் நுஸ்ரத் ஷாவைக் குறிப்பிட்டு, அந்நாட்டின் வழக்கத்தை வியப்போடு விவரிக்கிறார். அங்கே தந்தைக்குப் பின் மகன் என்னும் முறை அரிது. அரியணை நிலையானது, அமீர், வசீர் முதலிய ஒவ்வொரு பதவிக்கும் குறித்த இடம் உண்டு. அரசனைக் கொன்று அரியணையில் அமர்பவனையே அனைவரும் அரசனாக ஏற்பர். தாங்கள் விசுவாசம் கொண்டிருப்பது அரியணையிடம் என்பது அவர்கள் நிலை. கருவூலம் பற்றியும் அவர் ஒரு செய்தி தருகிறார்: புதிய அரசன் தனக்கெனச் செல்வம் சேர்க்க வேண்டும், முன்னோர் சேர்த்ததைச் செலவழிப்பது அவனுக்கு இழுக்கு.

பாபர் வெளியாள், வங்கத்தைப் போட்டி அரசாகக் கண்டவர். நுஸ்ரத் ஷா தந்தைவழி அரியணை பெற்றவர் என்பதை அவரே விதிவிலக்காகப் பதிவு செய்கிறார். எனவே அவர் கூற்றை உள்ளூர்ச் சான்றுகளோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும். அரியணை பற்றிய செய்தி, கருவூலம் பற்றிய செய்தி ஆகிய இரண்டையும் கீழே தனித்தனியே சோதிப்போம்.

3. செப்பேடு காட்டும் அரசு

சுல்தான்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இவ்வழக்கத்தின் வேர் தெரிகிறது. மால்தா மாவட்டத்துக் காலிம்பூரில் கிடைத்த, தர்மபாலனின் 32ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு அவன் தந்தை கோபாலன் அரசனான விதத்தைச் சொல்கிறது. பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் நிலையை ஒழிப்பதற்காக அவனைப் பிறர் அரசனாக்கினர். அவனை ஏற்றவர்கள் குடிமக்கள் அனைவருமா, தலைமை அதிகாரிகளும் சிற்றரசர்களும் மட்டுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியாயினும் செப்பேடு கோபாலனுக்கு அரச மூதாதையரைத் தேடித் தரவில்லை. பாட்டன் கற்றறிந்தவன், தந்தை பகைவரை வென்றவன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நானூறு ஆண்டுகள் நீடிக்கப்போகும் ஒரு குலம், தன் தோற்றத்தைப் பிறரின் இசைவில் வைத்துப் பெருமையோடு சொல்லிக்கொண்டது.

அதே செப்பேட்டின் பிற்பகுதியும் கவனத்துக்கு உரியது. நாராயணவர்மன் என்னும் பெருஞ்சிற்றரசனின் வேண்டுகோளின்படி நான்கு ஊர்கள் கோயிலுக்கு வழங்கப்படுகின்றன. ஆணை யார் யாருக்கு அறிவிக்கப்படுகிறது என்பதற்கு ஒரு நீண்ட வரிசை வருகிறது: சிற்றரசர், அரச குமாரர், அமைச்சர், படைத்தலைவர், மாவட்டத் தலைவர், யானை, குதிரை, ஆநிரைகளின் கண்காணிப்பாளர், தலைமைக் கணக்கர், ஊர்ப் பெரியோர், பத்து ஊர்களுக்குப் பொறுப்பானவர். ஓர் ஊரின் வரி கைமாறுவதை இத்தனை பேர் அறிந்து ஒப்ப வேண்டியிருந்தது. இந்தப் பதவிப் பெயர்களில் பல, பாலரை அகற்றிய சேனரின் செப்பேடுகளிலும் தொடர்கின்றன. சேனரே கர்நாட நாட்டிலிருந்து வந்தவர்களாகத் தம்மைச் சொல்லிக்கொண்டனர். கர்நாடர் பாலர்களின் படைப்பிரிவுப் பட்டியலில் முன்பே இடம்பெற்றவர்கள். பழைய அரசின் கட்டமைப்புக்குள் வளர்ந்தவர்களே புதிய அரச குலமாயினர் என்று கருத இது இடம் தருகிறது.

பதினோராம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வட வங்கத்து வரேந்திரியில் கைவர்த்தர் தலைவன் திவ்யன் இரண்டாம் மகிபாலனை வீழ்த்தினான். அவனுக்குப் பின் ருதோகனும் பீமனும் அங்கே ஆண்டனர். இழந்த நாட்டை மீட்க ராமபாலன் செய்ததை, சந்தியாகர நந்தியின் ராமசரிதம் ராமாயணக் கதையோடு இணைத்துச் சிலேடையில் பாடுகிறது. அரச குருதி இருந்தும் ராமபாலனால் தனித்து வெல்ல இயலவில்லை. அவன் சிற்றரசர்களையும் காட்டுத் தலைவர்களையும் தேடிச் சென்று, நிலமும் பொருளும் தந்து அவர்கள் துணையைப் பெற்றான். அந்நூல் துணை நின்றோரைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. அவர்களுள் ஒருவனான விஜயராஜனே பின்னர் சேன அரசை வலுப்படுத்திய விஜயசேனன் என்பது அறிஞர் பலரின் கருத்து. அது சரியானால், ஒரு குலத்தை மீட்டுத் தந்த இசைவே அடுத்த குலத்துக்கும் வழி திறந்திருக்கிறது.

ஒரே நேர்கோடாக எழுதப்படும் பட்டியலின் குறையைத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் காட்டுகிறது. போளூரை அடுத்த திருமலையில் உள்ள முதலாம் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, கங்கைப் படையெடுப்பில் தண்டபுத்தியில் தர்மபாலனையும், தக்கணலாடத்தில் ரணசூரனையும், வங்காள தேசத்தில் கோவிந்தசந்திரனையும், அவர்களோடு மகிபாலனையும் வென்றதாகக் கூறுகிறது. ஏறத்தாழ 1023ஐ ஒட்டி இன்றைய வங்கமொழிப் பரப்பில் அருகருகே நான்கு அரசர்கள் இருந்தனர். நாம் பாலர் காலம் என்று ஒற்றைப் பெயரிட்டு அழைக்கும் ஆண்டுகள் அவை.

4. சுல்தான்களின் வங்கம்

1204ஐ ஒட்டி நதியாவில் லட்சுமணசேனன் தோற்றபின் சேனர் கிழக்கே விக்ரம்பூர் வட்டாரத்தில் மேலும் சில காலம் ஆண்டனர். வென்றவர்கள் கோரி முகம்மதின் பெயரில் வெளியிட்ட பொற்காசில் கௌட வெற்றி நாகரி எழுத்தில், சமஸ்கிருதத்தில் பொறிக்கப்பட்டது. புதிய அரசும் பழைய நாட்டின் எழுத்தில் தன்னை அறிவிக்க வேண்டியிருந்தது. தில்லிக்கு வங்கம் அடங்கி நின்ற காலம் குறைவு. 1287இல் தில்லி சுல்தான் பல்பன் இறந்தபோது அவர் மகன் புக்ரா கான் தில்லிக்குச் செல்லாமல் லக்னௌதியிலேயே தங்கிவிட்டார் என்பது, வங்கத்து அரியணைக்கு இருந்த தனி மதிப்பைக் காட்டுகிறது. 1338இல் சோனார்காவோனில் பக்ருதீன் முபாரக் ஷா தன்னாட்சி பெற்றார். லக்னௌதியில் 1342இல் அரியணை ஏறிய இலியாஸ் ஷா, 1352 அளவில் நாட்டை ஒன்றாக்கினார்.

பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலியாஸ் குலத்தின் அவையில் செல்வாக்குப் பெற்ற நிலக்கிழார் ராஜா கணேஷ் ஆட்சியைக் கைப்பற்றினார். அவர் மகன் ஜாது, ஜலாலுதீன் முகம்மது ஷா என்னும் பெயரில் சுல்தான் ஆனார். இவ்விருவர் காலத்து நாணயங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். பலர் கணேஷ் என்றே அடையாளம் காணும் தனுஜமர்த்தன தேவரின் காசுகள் சக ஆண்டு 1339, 1340க்கு உரியவை. அவற்றில் சண்டி தேவியின் அடியார் என்னும் தொடர் வங்க எழுத்தில் உள்ளது. அச்சடித்த இடங்களோ பாண்டுநகர், சுவர்ணகிராமம், சாட்டிகிராமம். அதாவது சுல்தான்களின் பாண்டுவா, சோனார்காவோன், சட்டகிராமம். காசின் சமயமும் மொழியும் மாறின. வெள்ளி டங்காவும் அச்சுச்சாலை நகரங்களும் தொடர்ந்தன. வணிகமும் வரியும் அந்தக் காசை நம்பி நடந்ததால், அரியணை ஏறிய எவரும் அதைக் கைவிடவில்லை.

1487இல் ஜலாலுதீன் ஃபத் ஷாவை அரண்மனைக் காவலர் தலைவன் கொன்று அரசனானான். அவனை ஹபஷித் தளபதி மாலிக் அந்தில் கொன்றான். 1788இல் எழுதப்பட்ட ரியாஸ் உஸ் சலாத்தீன், இதன்பின் நடந்ததாகச் சொல்வது நம் கருதுகோளுக்கு மிக நெருக்கமானது. மாலிக் அந்தில் இறந்த மன்னரின் இரண்டு வயது மகனுக்கே அரியணையைத் தர முன்வருகிறான். அரசியோ, கணவனைக் கொன்றவனைக் கொல்பவனுக்கே அரியணை என்று தான் நேர்ந்துகொண்டதாகச் சொல்லி மறுக்கிறாள். பின்னர் அவையோர் இசைவோடு அவன் முடிசூடுகிறான். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட இக்கதையின் ஒவ்வொரு விவரத்தையும் நாம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அரசியின் வாயிலேயே மகனின் உரிமையைப் பின்தள்ளும் ஒரு கதை, வங்கத்து வாசகருக்குப் பொருந்துவதாகத் தோன்றியிருக்கிறது. 1494 அளவில் வசீராக இருந்து சுல்தான் ஆன அலாவுதீன் ஹுசைன் ஷாவின் அரசில் ரூபரும் சனாதனரும் உயர்பதவி வகித்தனர். பின்னர் சைதன்யரின் வைணவ இயக்கத்தில் பெருந்தூண்களாயினர். வெளியிலிருந்து வந்த எந்தக் குலமும் இத்தகைய உள்நாட்டுக் கல்வியாளரின் எழுத்தும் கணக்கும் இன்றி ஒரு பருவ வரியைக்கூடத் திரட்டியிருக்க முடியாது.

5. கணக்கேட்டின் நிலைபேறு

கைமாறாமல் நின்றது எது என்னும் கேள்விக்கு வருவாய்ப் பதிவேடுகளே உறுதியான விடை தருகின்றன. 1582இல் அக்பரின் வருவாய் அமைச்சர் தோடர்மால் பெயரில் வகுக்கப்பட்ட வங்கத்தின் நிலவரித் திட்டம் 19 சர்க்கார்கள் (பெரும் வருவாய்ப் பிரிவுகள்), 682 மகால்கள் (அவற்றின் உட்பிரிவுகள்) கொண்டது. தொகை 1,06,93,152 ரூபாய். 1576இல் ராஜ்மகால் போரில் ஆப்கானிய அரசர் தாவூத் கர்ரானி வீழ்ந்திருந்தாலும், கிழக்கு வங்கம் அப்போதும் ஈசா கான் முதலிய பூயான்கள் என்னும் நிலத்தலைவர்களின் கையில் இருந்தது. அயின்-இ-அக்பரி சட்டகிராமத்தையும் ஒரு சர்க்காராகக் காட்டுகிறது. அரக்கானிடமிருந்து முகலாயர் அவ்வூரைக் கைப்பற்றியதோ 1666இல். காலடி வைக்காத நிலத்துக்கும் முகலாயரிடம் வரிக்கணக்கு இருந்தது என்றால், அது முந்தைய அரசின் ஏட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். 1722இல் முர்ஷித் குலி கான் செய்த திட்டத்தில் தொகை 1,42,88,186 ரூபாய். 140 ஆண்டுகளில், இடையே எத்தனையோ சுபேதார்கள் (மாகாண ஆளுநர்கள்) மாறியும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்வுதான்.

6. இரண்டு மறுப்புகள்

பாலர் பல தலைமுறைகள் ஆண்டார்களே, 1435ஐ ஒட்டி இலியாஸ் குலம் மீண்டும் அழைத்துவரப்பட்டதே, குருதிக்கு மதிப்பில்லை என்று எப்படிச் சொல்வது என்பது முதல் மறுப்பு. குருதிக்கு மதிப்பு இருந்தது. அது ஒரு தகுதி. முடிவு செய்யும் அதிகாரம் வேறிடத்தில் இருந்தது. கணேஷின் பேரன் கொல்லப்பட்டபின், மறைவாக வாழ்ந்த இலியாஸ் வழியினரான நாசிருதீன் மகமூதை அரியணையில் அமர்த்தியவர்கள் அமீர்களே. பழைய குலம் திரும்பியதும் இசைவின் வழியேதான்.

தில்லியிலும் அரசர்கள் கொல்லப்பட்டனரே, இதில் வங்கத்தின் தனித்தன்மை என்ன என்பது இரண்டாவது. தில்லியில் குலமாற்றம் பலமுறை பேரரசையே சிதறடித்தது. வங்கத்திலோ 1487 முதல் 1494 வரை நான்கு அரசர்கள் வந்துபோன பின்பும், ஹுசைன் ஷாவிடம் உடையாத ஓர் அரசு வந்து சேர்ந்தது. ஆறுகளும் மழைக்காலமும் வெளிப்படைகளைத் தடுத்தன. நெல்லும் துணியும் துறைமுகமும் உள்நாட்டுப் பதவியாளரை வலுவாக வைத்திருந்தன. அரசன் வீழ்ந்தாலும் அரசு வீழாமல் காத்தது அந்த அடுக்கு.

7. 1757உம் 1765உம்

இப்பின்னணியில் நவாபுகளின் காலம் தெளிவாகிறது. 1740இல் கிரியாப் போரில் சர்பராஸ் கானைக் கொன்று அலிவர்தி கான் நவாப் ஆனார். அண்ணன் ஹாஜி அகமதும் வட்டிக்கடைப் பெருங்குடும்பமான ஜகத் சேட்டும் அவருக்குத் துணை நின்றனர். தில்லிக்குப் பெருந்தொகை சென்றபின் ஒப்புதல் வந்தது. 1757 சூன் 23இல் அலிவர்தியின் பேரன் சிராஜ் உத் தௌலாவுக்கு எதிராக மீர் ஜாபர், ராய் துர்லப், ஜகத் சேட் ஆகியோர் திரண்டபோது, அவர்கள் அறிந்திருந்த அரசியல் 1740இன் அரசியலே. கம்பெனியை அவர்கள் இன்னொரு படைத்துணையாகவே கருதியிருக்க வேண்டும். துரோகம் என்னும் ஒற்றைச் சொல்லால் பலாசியை விளக்குவது, அவர்கள் நின்ற களத்தை மறைத்துவிடுகிறது. அவர்கள் செய்கையின் விளைவு கொடியது. அந்த விளைவை வழக்கம் அவர்களுக்கு முன்னறிவிக்கவில்லை.

சூன் 29இல் முர்ஷிதாபாதில் மீர் ஜாபர் மசனத் என்னும் நவாபின் அரியணையில் அமரத் தயங்கியபோது, கம்பெனிப் படைத்தலைவர் கிளைவ் அவர் கையைப் பிடித்து அழைத்துச் சென்று அமரச்செய்து, நசர் என்னும் காணிக்கை செலுத்தினார். அரியணையை மதிக்கும் பழைய சடங்கு அப்படியே நடந்தது. கருவூலத்தின் கதையோ வேறு. மீர் ஜாபரோடு செய்த உடன்படிக்கை கம்பெனிக்கு ஒரு கோடி ரூபாயும், கல்கத்தாவின் ஆங்கிலேயருக்கு 50 லட்சமும் இழப்பீடாகக் குறித்தது. பாபர் சொன்ன வழக்கத்தில் முந்தைய அரசனின் கருவூலம் நாட்டிலேயே நின்றது. இப்போது அது படகேறிக் கல்கத்தாவுக்குச் சென்றது.

1765 ஆகஸ்டு 12இல் இரண்டாம் ஷா ஆலம் கம்பெனிக்குத் திவானி வழங்கினார். பேரரசருக்கு ஆண்டுக்கு 26 லட்சமும், நவாபுக்கு 53,86,131 ரூபாயும் என்று முடிவானது. நவாபின் தொகை 1772க்குள் 16 லட்சமாகக் குறைக்கப்பட்டது. அதுவரை ஐரோப்பியர் வங்கத்துத் துணிக்கும் பட்டுக்கும் வெள்ளி கொண்டுவந்தனர். திவானிக்குப் பின் வங்கத்தின் வரியே வங்கத்தின் சரக்கை வாங்கி ஏற்றுமதி செய்தது. 1764இல் ஏறத்தாழ 8,17,000 பவுண்டாக இருந்த நிலவரி வசூல் முப்பது ஆண்டுக்குள் 26,80,000 பவுண்டு ஆயிற்று என்று ரமேஷ் சந்திர தத் காட்டுகிறார். முர்ஷித் குலி வரையிலான 140 ஆண்டுக் கணக்கோடு இதை ஒப்பிட்டால் முறிவின் அளவு விளங்கும். 1770இன் பெரும்பஞ்சத்தில் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர் என்று மதிப்பிட்ட வாரன் ஹேஸ்டிங்ஸே, 1771இன் நிகர வசூல் 1768ஐ விஞ்சியதாகவும் எழுதினார்.

இதன் காரணம் ஆட்சியாளரின் மதமோ இனமோ மட்டும் அன்று. கர்நாடர், துருக்கியர், ஹபஷிகள், ஆப்கானியர் எனப் பலரும் வெளியிலிருந்து வந்தவர்களே. அவர்கள் அரியணையில் அமர்ந்தனர். ஆகையால் அதைச் சூழ்ந்தவர்களுக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. கம்பெனி அரியணையில் அமராமலே அதற்குரிய வரியை எடுத்துக்கொண்டது. அது பதில் சொன்னது இலண்டனில் இருந்த பங்குதாரருக்கு. 1763இல் ஜகத் சேட் குடும்பத் தலைவர்கள் நவாப் மீர் காசிமின் ஆணையால் கொல்லப்பட்டிருந்தனர். ஆகவே வங்கத்தில் ஒப்புதல் தரவும் மறுக்கவும் வலிமை கொண்ட தரப்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தது.

8. முடிவு

வங்க வரலாற்றைக் குலங்களின் பெயரால் பகுப்பதும், இந்து, முஸ்லிம், ஆங்கிலேயர் காலம் எனச் சமயமும் இனமும் கலந்து பகுப்பதும் நீண்ட தொடர்ச்சி ஒன்றை மறைக்கின்றன. மன்னர்களைவிட மக்கள் சமூகத்தை மையமாக வைத்து எழுத வேண்டும் என்று நீஹார்ரஞ்சன் ராய் 1949இல் வெளிவந்த தம் வங்காளிகளின் வரலாற்றில் வாதிட்டார். அரசியல் வரலாற்றுக்கும் அந்த வாதம் பொருந்தும். அரசனை ஏற்றவர் யார், அவன் திரட்டிய வரி எங்கே செலவானது என்னும் இரண்டு கேள்விகளை ஒவ்வொரு ஆட்சிமாற்றத்திலும் கேட்டால், பாலரிலிருந்து நவாபுகள் வரை ஒரே வகை விடையும், 1765க்குப் பின் முற்றிலும் வேறு விடையும் கிடைக்கின்றன. வங்கத்தின் காலப்பகுப்பில் பெரும் எல்லைக்கோடு அங்கேதான் இடப்பட வேண்டும்.